சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349 கிலோமீட்டரா, 16,700-ஆ?

அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காத விமானத்தில் அனுப்பப் போகிறீர்கள். நீங்கள் கேட்டது இது: ஒரு தளம் தூரம் 15,349 கி.மீ. என்கிறது, இன்னொன்று 16,700 என்கிறது. பயண நேரம் ஓரிடத்தில் 17 மணி, வேறோரிடத்தில் 18 மணி 40 நிமிடம். டிக்கெட்டைப் பார்த்தாலோ இரவு 11:35-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6:15-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, அதாவது 6 மணி 40 நிமிடம். இதில் எதை நம்புவது?

எல்லாமே சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். பல வருஷம் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்தக் குழப்பம் எனக்கு நல்ல பழக்கம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 15,349. இது உருண்டையான பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். பெருவட்டத் தூரம் என்பார்கள். இதில் விமானம், காற்று, நாட்டு எல்லை எதுவும் கிடையாது. இரண்டு புள்ளிகள், ஒரு கோளம், அவ்வளவே.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சிங்கப்பூரில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கமாக இழுங்கள். நூல் பசிபிக் கடல் பக்கமும் நிற்காது, ஐரோப்பா பக்கமும் நிற்காது. நேராக உச்சிக்கு ஏறி, உருண்டையைத் தாங்கும் அச்சாணியின் திருகில் போய் இடிக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் நூல் வடதுருவத்திலிருந்து ஏழு மில்லிமீட்டர்கூடத் தள்ளிப் போகாது. நிஜ பூமியில் அது சுமார் 280 கி.மீ.

காரணம் எளிது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையம் மேற்கே கிட்டத்தட்ட 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. இன்னும் இரண்டு பாகை கூடியிருந்தால் பூமியின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக எதிரெதிரே அமைந்திருக்கும். இப்படிப்பட்ட ஜோடிக்குத் தூரம் கண்டுபிடிக்கக் கணினியே வேண்டாம். சிங்கப்பூரின் அட்சரேகை வடக்கே 1.36 பாகை, அங்கிருந்து துருவத்துக்கு ஏற 88.64 பாகை. நியூயார்க்கின் அட்சரேகை 40.64, துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 வருகிறது. தளம் சொன்ன எண்ணுக்கும் நம் கைக்கணக்குக்கும் மூன்றே கிலோமீட்டர் வித்தியாசம். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதைத் துல்லியக் கணக்கில் சேர்ப்பார்கள், நாம் சேர்க்கவில்லை. கடல் மைல் வேண்டுமென்றால் இன்னும் சுலபம்: ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 8,280. எல்லா ஊர் ஜோடிக்கும் இந்தக் குறுக்குவழி செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை – லண்டனுக்கு இப்படிப் போட்டுப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. நியூயார்க் பகுதிக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டு நிலையங்களுக்குப் பறக்கிறது. ஒன்று கென்னடி, இன்னொன்று பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருக்கும் நுவர்க். நுவர்க்குக்கான தூரம் 15,344 கி.மீ. உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவை என்ற பட்டம் கென்னடிக்குப் போகும் விமானத்துக்குக் கிடைத்தது அந்த ஐந்து கிலோமீட்டரால்தான். அம்மா நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார் என்றால் பட்டத்தைப் பார்க்க வேண்டாம், நுவர்க்கையே எடுங்கள்.

இப்போது 16,700. 2018-இல் நுவர்க் சேவையை மறுபடி தொடங்கும்போது அந்த விமான நிறுவனமே அறிவித்த தூரம் இது. கூடவே பயண நேரம் ‘அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம்’ என்றும் சொன்னார்கள். கோளத்தின் மேல் வரைந்த கோட்டைவிட 1,350 கி.மீ. அதிகம். அந்தக் குறுகிய கோட்டிலேயே பறந்தால் என்ன?

அந்தக் கோடு போகும் இடத்தைப் பாருங்கள். தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் மேற்குப் பகுதி, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடல், துருவத்தின் பக்கம், பிறகு கனடாவின் வடகோடித் தீவுகள், கியூபெக். பாதையில் ரஷ்யா உட்கார்ந்திருக்கிறது. அரசியல் ஒரு பாதையை எவ்வளவு நீட்டும் என்பதற்கு இந்த விமானத்தைவிட ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நல்ல உதாரணம். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலே பறந்து ஒன்பது ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி அவர்களுக்கு மூடப்பட்டது. அதே இரண்டு ஊர், அதே பெருவட்டத் தூரம். பயணம் மட்டும் 13 மணி நேரமாகிவிட்டது. துருவத்தைச் சுற்றிக்கொண்டு போன அந்த விமானங்களில் பயணிகளுக்கு வடதுருவத்தைக் கடந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நாலு மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்ததற்கு ஒரு காகிதமாவது கிடைத்தது.

துருவத்துக்கு அதன் சொந்தத் தொல்லைகளும் உண்டு. நடுவில் இறங்க வேண்டி வந்தால் நிலையங்கள் குறைவு. வெளிக்காற்றின் குளிரில் எரிபொருள் உறையும் நிலையை நெருங்கலாம்: அமெரிக்காவில் பெரும்பாலும் கிடைக்கும் ஜெட் ஏ வகைக்கு உறைநிலை வரம்பு மைனஸ் 40 டிகிரி, மற்ற நாடுகளில் புழங்கும் ஜெட் ஏ-1 வகைக்கு மைனஸ் 47. அதற்காகத் துருவப் பாதையே ஆகாது என்றில்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தைப் பெண் விமானிகளை மட்டுமே வைத்துத் துருவத்தின் வழியாகத்தான் ஓட்டியது. ஆனாலும் சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் பல நாள் அந்தப் பக்கம் போகாததற்கு முக்கியக் காரணம் குளிரும் இல்லை, அரசியல் மட்டுமும் இல்லை. காற்று.

நடு அட்சரேகைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்வது அதைத்தான். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மிக வேகமாக ஓடும். அதை 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓய்ஷி. உலகமே படிக்கட்டும் என்று தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார் மனிதர். உலகம் படிக்கவில்லை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் பலருக்கும் அதன் பலம் புரிந்தது.

அந்த ஆறு முதுகில் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு: 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் பிடிக்கும் பயணம். விமானம் ஒன்றும் தன் வேகத்தைக் கூட்டிவிடவில்லை; அதைச் சுமந்துகொண்டிருந்த காற்று வேகமாக ஓடியது.

இதை நம் பாதைக்குப் பொருத்துங்கள். இந்தப் பாதையில் ஓடும் ஏர்பஸ் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ., ஆக விமானத்தின் வேகம் ஏறக்குறைய 903. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் 15,349-ஐ 903-ஆல் வகுத்துச் சரியாகப் பதினேழு மணி. நீங்கள் பார்த்த ‘17 மணி’ வந்த வழி இதுதான். அது காற்றில்லாத, ஓடுபாதை இல்லாத, எல்லைகள் இல்லாத ஒரு பூமியில் பறக்கும் நேரம்.

இப்போது காற்றைச் சேர்ப்போம். குறுகிய பாதையில் சராசரியாக 40 கி.மீ. எதிர்காற்று என்றால் தரையைப் பொறுத்த வேகம் 863, பயணம் 17 மணி 47 நிமிடம். ஜப்பான் பக்கம் வளைந்து பசிபிக் வழியாக 16,700 கி.மீ. போகும் பாதையில் சராசரியாக 40 கி.மீ. பின்காற்று என்றால் வேகம் 943, பயணம் 17 மணி 43 நிமிடம். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் அதிகமாகப் பறந்தும் நாலு நிமிடம் முன்னால்! இந்த 40 நானாக எடுத்துக்கொண்ட எண். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால் அன்றைய காற்றின் நிலவரத்தை வைத்துத் தரையில் இருப்பவர்கள் போடும் கணக்கு இதே மாதிரிதான். அதனால்தான் நேற்றுப் போன விமானத்தின் பாதையும் இன்று போவதன் பாதையும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுவதில்லை. தொடக்க நாளில், 2018 அக்டோபர் 11 இரவு கிளம்பிய விமானம் எடுத்துக்கொண்டது 17 மணி 52 நிமிடம்.

திரும்பி வரும் பயணம் எனக்கு இன்னும் பிடித்தது. போகும்போது தள்ளிய காற்று வரும்போது முகத்தில் அடிக்கும். அதனால் நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் சில நாள் மேற்கே திரும்பாமல் மறுபடியும் கிழக்கேயே போகும்: அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா, சிங்கப்பூர். தீர்க்கரேகைகள் எதிரெதிரே இருப்பதால் எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆக காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம். பசிபிக் வழியாகப் போய் அட்லாண்டிக் வழியாகத் திரும்பும் பயணி தனக்கே தெரியாமல் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அடுத்தது 18 மணி 40 நிமிடம். விமானத் தொழிலில் இதை பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதையை விட்டு எழும் நேரமல்ல. வாசலில் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்துப் பின்னுக்குத் தள்ளும் நிமிடம் முதல், அந்தப் பக்கம் வாசலில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்குமுன் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடக்கம். மோசமான காற்றுள்ள நாளிலும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதாகக் காட்ட வேண்டுமே, அதற்காகவும் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள். அரைமணி முன்னதாகவே இறங்கிவிட்டோம் என்று விமானி அறிவிக்கும்போது பாதி சாமர்த்தியம் கால அட்டவணை போட்டவருடையது. உங்களுக்கு வேண்டிய எண் இதுதான். அம்மாவின் மாத்திரை, சாப்பாடு, கால் வீக்கம், எழுந்து நடப்பது எல்லாவற்றையும் 18 மணி 40 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

கையில் எந்தத் தளமும் இல்லாதபோது நான் போடும் கணக்கு: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரைமணி சேர்ப்பது. 15,349-க்குப் போட்டால் பதினெட்டரை மணிக்கு மேல் வரும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 2,900 கி.மீ., கிட்டத்தட்ட நாலு மணி. ஏறக்குறைய ஒத்துப்போகும். கிழக்கே போனால் கொஞ்சம் குறைத்து, மேற்கே போனால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தூரம் ஒன்றாக இருந்தாலும் நேரம் எப்படி மாறும் என்பதற்கு இலங்கையில் ஒரு பழைய கதை உண்டு. 1943 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு கேட்டலினா என்ற நீர்விமானத்தில் தபாலும் மூன்றே மூன்று பயணிகளும் வந்து போனார்கள். சுமார் 5,600 கி.மீ. இன்றைய ஜெட் வேகத்தில் ஏழு மணி நேரத்துக்குள் முடியும். அன்று 27 முதல் 33 மணி நேரம் நிற்காமல் பறந்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு தரம் சூரிய உதயத்தைப் பார்த்ததால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே அதற்குப் பெயர். உங்கள் அம்மா போகப்போகும் பயணம் தூரத்தில் அதைப்போல மூன்று மடங்கு, நேரத்தில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இருக்கை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். இந்தப் பாதைக்கென்றே செய்யப்பட்ட ஏ350-900 யுஎல்ஆர் ரக விமானத்தில் 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். தொட்டி நிறைந்தால் சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய். அந்த எண்ணெயைச் சுமக்கவே கொஞ்சம் எண்ணெய் போகும். ஆகவே ஆட்களைக் குறைத்து 161 இருக்கைகள் மட்டும் வைத்தார்கள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையாது. இதே நிறுவனம் 2004-இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தில் இந்தப் பாதையைத் தொடங்கி, பிறகு நூறே நூறு பிசினஸ் இருக்கைகளோடு ஓட்டிப் பார்த்து, எண்ணெய்ச் செலவு தாங்காமல் 2013-இல் நிறுத்தியது. இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி தொடங்க முடிந்தது.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் ஒன்று உண்டு. அதில் சாதா எகானமி இருக்கிறது, இரண்டு கட்டமும் ஒரே எண்ணில் ஓடும். டிக்கெட் பாஷையில் அதற்கும் ‘டைரக்ட்’ என்றுதான் பெயர்! ‘டைரக்ட்’ வேறு, ‘நான்-ஸ்டாப்’ வேறு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட், ஃபிராங்க்ஃபர்ட் – நியூயார்க் இரண்டு பெருவட்டத் தூரங்களையும் கூட்டினால் சுமார் 16,500 கி.மீ.தான். நிற்காமல் போகும் விமானம் வளைந்து பறக்கும் தூரமும் அவ்வளவே. மிச்சமாவது தூரமில்லை, இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவதில் போகும் ஐந்து மணி நேரம்.

கடைசியாக அந்த 6 மணி 40 நிமிடம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால். நியூயார்க் கோடையில் 4 மணி பின்னால், குளிர்காலத்தில் 5. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் கச்சிதமாக 12 மணி. முள் கடிகாரம் கட்டியவர் அதைத் தொடவே வேண்டாம், பகல் இரவாகும், அவ்வளவுதான். ஆக, இரவு 11:35 + 18:40 = சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6:15 = நியூயார்க்கில் அதே நாள் காலை 6:15. கணக்கு நேராகிவிட்டது.

திரும்பும்போதுதான் ஆட்கள் ஏமாறுவார்கள், நான் உட்பட. ஒருமுறை எங்கள் அத்தான் வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு நியூயார்க்கில் ஏறுவதாகச் செய்தி அனுப்பினார். விடிகாலை ஐந்தேகாலுக்கு இறங்கும் விமானம். நான் இந்தத் தொழிலிலேயே இருப்பவன். ‘வெள்ளி ராத்திரி ஏறினால் சனி காலை’ என்று பழக்க தோஷத்தில் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். பத்தரையோடு 18 மணி 50 நிமிடம் கூட்டினால் அங்கேயே சனி மாலை ஐந்தேகாலுக்கு மேல், இங்கே ஞாயிறு காலை. டிக்கெட்டில் வந்து சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+2’ என்று பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நின்றுகொண்டு, பலகையில் விமானத்தைக் காணோமே என்று சும்மா ஒரு நம்பிக்கையில் அவர் கைபேசிக்குப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“அத்தான், எங்க இருக்கீங்க?”

“வீட்லதான் மாப்ளே. இப்பதான் பெட்டி கட்டிக்கிட்டிருக்கேன். என்ன, அதுக்குள்ள தூக்கம் வரலையா?”